கூடு முகங்கள்

தமிழகக் கற்றளிகளில் கூரை விளிம்பான கபோதத்தின் மேல் லாட வடிவில் வரிசையாகச் செதுக்கப்படும் சிறு வளைவுகள் கூடுகள் எனப்படும். அவற்றினுள் இருந்து வெளியே பார்க்கும் தலைகளே கூடு முகங்கள். இவற்றை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவது தவறு. பௌத்த சைத்தியங்களின் மரச் சாளரமே கல்லில் கூடாயிற்று. சாளரம் இருந்தால் அங்கே குடியிருப்போரும் வேண்டும். மாமல்லபுரத்து ஒற்றைக்கல் தளிகளில் கூடுகளில் முகம் வைத்த சிற்பி, கோயிலைத் தேவர் வாழும் மாளிகையாகவே கண்டான். இம்முகங்கள் அரசர்களின் உருவங்களாக இருக்கலாமே என்றால், அதற்குச் சான்று போதாது. மன்னரைக் காட்ட விரும்பிய பல்லவர், அதே ஊரின் ஆதிவராகக் குகையில் முழு உருவமாகச் செதுக்கிப் பெயரும் பொறித்தனர். கூடுகளிலோ பெயரற்ற, ஒரே சாயலுள்ள முகங்களே திரும்பத் திரும்ப வருகின்றன.

காலக் கணிப்புக்கும் கூடு உதவும். பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டி போல் தட்டையானது. சோழர் காலத்தில் அங்கே சிங்கமுகம் ஏறியது. 1914இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ராய் இம்மாற்றத்தை முறைப்படுத்திக் காட்டினார். பழைய வடிவைப் பிற்காலச் சிற்பி பின்பற்றியிருக்கக் கூடும் என்ற மறுப்பு நியாயமானதே. அதனால்தான் தூணின் மேலுள்ள போதிகையையும் கல்வெட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பிற்காலத்தில் முகம் வேறு இடத்திலும் தோன்றியதற்குத் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் ஓர் எடுத்துக்காட்டு; அது கெட்டி முதலியார் என்ற குறுநிலத் தலைவர்களின் திருப்பணியால் பெயர்பெற்றது. அங்கே முகம் கூட்டைவிட்டுத் தூணுக்கு இறங்கி, வாய்க்குள் கல்லுருண்டை உருளும் யாளியாக வளர்ந்து நிற்கிறது.