சான் ஓசே மாநிலக் கல்லூரி மாணவர் போராட்டம் (1967–68)

சான் ஓசே மாநிலக் கல்லூரி (இன்று பல்கலைக்கழகம்) அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள அரசு உயர்கல்வி நிறுவனம் ஆகும். பயிற்சியாளர் பட் விண்டரின் விரைவோட்ட வீரர்களால் இது "வேக நகரம்" எனப் புகழ்பெற்றது. ஆயினும் கறுப்பின மாணவர்களுக்கு வளாகத்தின் அருகே வாடகை வீடு கிடைப்பது அரிதாக இருந்தது.

1967 செப்டம்பரில் சமூகவியல் விரிவுரையாளர் ஹாரி எட்வர்ட்ஸ் தலைமையில் மாணவர்கள் இதனை எதிர்த்துப் போராட்டம் அறிவித்தனர். அதனால் பருவத்தின் முதல் அமெரிக்கக் காற்பந்துப் போட்டி இரத்தானது. ஒரு விளையாட்டுப் போட்டி நின்றதும் நிர்வாகம் செவிசாய்த்தது என்பது கவனிக்கத்தக்கது. அக்டோபரில் "மனித உரிமைகளுக்கான ஒலிம்பிக் திட்டம்" உருவானது. அது முன்மொழிந்த ஒலிம்பிக் புறக்கணிப்பு நிறைவேறவில்லை.

1968 அக்டோபர் 16 அன்று மெக்சிக்கோ நகரில் இக்கல்லூரியின் டாமி ஸ்மித் 200 மீட்டர் ஓட்டத்தை 19.83 நொடிகளில் ஓடி உலக சாதனையுடன் தங்கம் வென்றார். சக மாணவர் ஜான் கார்லோஸ் வெண்கலம் பெற்றார். நாட்டுப்பண் ஒலிக்கையில் இருவரும் கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தினர். அதற்காக அணியிலிருந்து நீக்கப்பட்டனர். வெள்ளி வென்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன் அத்திட்டத்தின் சின்னத்தை அணிந்திருந்தார். இரு நாள்களுக்குப் பின் இதே கல்லூரியின் லீ எவன்ஸ் 400 மீட்டரை 43.86 நொடிகளில் ஓடித் தங்கம் வென்றார்.

2005இல் வளாகத்தில் ஸ்மித், கார்லோஸ் இருவருக்கும் சிலை எழுப்பப்பட்டது. 1988இல் கலைக்கப்பட்ட ஆண்கள் தடகள அணி அப்போது அங்கு இல்லை. சிலை மேடையில் நார்மனின் இடம் வெறுமையாக உள்ளது. பார்வையாளர்கள் அதில் ஏறி நிற்கலாம்.