காணாதவற்றின்மேல் நம்பிக்கை: ஒரு சொல்லின் இடப்பெயர்ச்சியும் திருப்பூர் வட்டாரமும்

முன்னுரை

கிறித்தவ இறையியல் முதன்மையாகக் கூறும் மூன்று நற்பண்புகள் தமிழில் நெடுங்காலம் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என வழங்கின. சீர்திருத்தச் சபையார் மூன்றாவதை அன்பு என்றனர். முதலிரண்டில் வேறுபாடு இல்லை. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் இவற்றை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என மாற்றியது. விசுவாசம் விலக, இரண்டாம் இடத்திலிருந்த நம்பிக்கை முதலிடத்திற்கு ஏறியது. வெற்றிடத்தை நிரப்ப எதிர்நோக்கு என்னும் பெயர்ச்சொல் வந்தது. வடசொல் நீக்கத்தின் ஒரு கூறாகவே இதனைக் கருதுவது வழக்கம். அது போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. காணாதவற்றைக் குறித்துத் தமிழ்க் கிறித்தவர் எழுதியும் வேண்டியும் வந்தவற்றின் பொருளையே இம்மாற்றம் தொட்டது.

களம்

இதற்குத் திருப்பூர் வட்டாரத்தைக் களமாகக் கொள்ளக் காரணம் உண்டு. அவிநாசிக்கு மேற்கே, விசைத்தறிகள் சூழ்ந்த கருமத்தம்பட்டி கொங்குநாட்டுக் கத்தோலிக்கத்தின் பழைய நிலையங்களுள் ஒன்று. கோவை மறைப்பணித் தளத்தின் தலைமையேற்ற மரியோன் பிரெசிலாக் ஆயர் 1846 அக்டோபர் 4ஆம் நாள் அங்கேயே ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். சீர்திருத்தச் சபையின் தரப்பில், இலண்டன் மிஷனைச் சார்ந்த அடிஸ் 1830இல் கோயம்புத்தூரில் பணியைத் தொடங்கினார். பின்னலாடைத் தொழில் வளர்ந்தபோது தென்மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்தோருள் இரு சபையாரும் இருந்தனர். ஆகவே இன்று ஒரே தெருவில் குடியிருக்கும் இருவர் நம்பிக்கை என்னும் சொல்லை இரு பொருளில் கேட்கின்றனர். பழைய திருப்புதலை வாசிக்கும் தென்னிந்தியத் திருச்சபையாருக்கு அது வரவிருப்பதை நோக்கிய காத்திருப்பு. கத்தோலிக்கருக்கு அது இறைவன்மேல் கொண்ட பற்றுறுதி. கத்தோலிக்கக் குடும்பத்திற்குள்ளேயும் இப்பிளவு உண்டு. முந்தைய தலைமுறையினர் மனப்பாடம் செய்த நம்பிக்கை மந்திரம் வானக வாழ்வை எதிர்பார்த்துச் சொல்லும் வேண்டுதல். அவர்கள் விசுவாசப் பிரமாணம் என்றதோ இன்று நம்பிக்கை அறிக்கை.

சொல்லின் பழம்பொருள்

எது பொருத்தம்? தொல்காப்பிய உரியியல் 'நம்பு' என்பதற்கு நசை, அதாவது விருப்பம், என்று பொருள் கூறுகிறது. விருப்பத்திலிருந்தே இச்சொல் எதிர்பார்ப்பிற்கும், பின்னர் ஐயமின்மைக்கும் விரிந்தது எனக் கொள்ளலாம். இவ்வகையில் பழைய மொழிபெயர்ப்பாளர் செய்த தேர்வு தமிழ் மரபுக்கு மாறானதன்று. வரவேண்டியதன்மேல் நசை கொள்வதே அவர்கள் நம்பிக்கை என்றது. இன்றைய பேச்சுவழக்கோ புதிய மொழிபெயர்ப்பின் பக்கம் நிற்கிறது. பதிவேதுமின்றித் துணியையும் நூலையும் பிறர் கூடத்திற்கு அனுப்பும் திருப்பூர் வணிகர் நம்பிக்கை என்பது ஆள்மீது வைக்கும் உறுதியையே. இரண்டு தேர்வுகளுக்கும் சான்று உண்டு; பழைய சான்று ஆழமானது என்பது என் கருத்து.

காணாததற்காகக் காத்திருக்கும் கதை இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று என்பதையும் இங்குச் சொல்லவேண்டும். முதலை விழுங்கிய பாலனை ஆண்டுகள் கழித்து வளர்ந்த நிலையில் சுந்தரர் மீட்டுத் தந்ததாகப் பெரியபுராணம் கூறுவது அவிநாசியில்தான். பிள்ளையை இழந்த வீட்டின் துயரம் அக்கதையின் உயிர்.

உறுதியும் நோக்கும்

எபிரேயர் திருமுகத்தின் பதினொன்றாம் அதிகாரத் தொடக்கம் இவ்விரு பண்புகளையும் இணைக்கிறது. அங்குள்ள 'ஹூப்போஸ்டாசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை இலத்தீன் 'சுப்ஸ்தான்சியா' எனப் பெயர்த்தது. அடியில் நிற்கும் உள்பொருள் என்பது கருத்து. மார்ட்டின் லூதர் அதனை மனத்தின் திடமாகக் கொண்டார். 2007இல் பதினாறாம் பெனடிக்ட் வெளியிட்ட 'ஸ்பே சால்வி' மடல் இவ்வேறுபாட்டை எடுத்து விவாதித்து, எதிர்பார்க்கப்படுவதன் ஒரு கூறு இப்போதே கையில் தரப்படுகிறது என்னும் பொருளை வலியுறுத்தியது. தமிழில் பழைய திருப்புதலும் புதியதும் 'உறுதி' என்றே தருகின்றன. மேலோட்டமாக இது லூதர் கொண்ட பொருள். ஆயினும் அறம், பொருள், இன்பம், வீடு ஆகிய நான்கையும் உறுதிப்பொருள் என்று வழங்கும் மொழி இது. உறுதி என்பது மனநிலை மட்டுமன்று. அடையத்தக்க நன்மையும் ஆகும். கிரேக்கச் சொல்லின் இருமுகமும் இந்த ஒரு தமிழ்ச்சொல்லில் அகப்படுகின்றன. இதனை உரையாளர்கள் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

எதிர்நோக்கு என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. நாளிதழ் நடையில் தொழில்துறை நெருக்கடியை எதிர்நோக்குகிறது என எழுதுவர். வருவது நன்மையாகத்தான் இருக்கவேண்டும் என்னும் குறிப்பு சொல்லில் இல்லை. மேலும், காணப்படுவதை எவரும் எதிர்பார்ப்பதில்லை என்பது உரோமையர் திருமுகத்தின் வாதம். அந்தக் காணாமையைக் குறிக்க, பார்வையையே வேராகக் கொண்ட சொல்லைத் தேர்ந்தது முரணாகத் தோன்றலாம். ஆனால் வராதவரின் வழியை நோக்கியிருப்பது சங்க அகப்பாடல்களின் முல்லைத் தலைவிக்கு உரியது. அம்மரபில் வைத்தால் இச்சொல் பிழைத்துக்கொள்ளும்.

இரு தோழர்

விசுவாசமும் நம்பிக்கையும் கதைமாந்தராக வருவது ஜான் பனியனின் நூலில். (திருப்பூரில் பனியன் என்றால் எவரும் நூலாசிரியரை நினைப்பதில்லை.) 1678இல் வெளியான அவருடைய உருவகக் கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. மூலக்கதையில் விசுவாசத்தின் உருவாகிய தோழன் சந்தை நகரில் கொல்லப்படுகிறான். அவன் சாவைக் கண்டு மனம் மாறியவனே நம்பிக்கையின் உருவாகிய அடுத்த தோழன். இறுதி ஆற்றில் பயணி மூழ்கத் தொடங்கும்போது அவன் தலையைத் தாங்கிப் பிடிப்பவன் இவனே. ஒருவன் இறக்க மற்றவன் பிறக்கும் இவ்வரிசை, இருவரும் வெவ்வேறு பெயரில் நிற்கும்வரைதான் விளங்கும். ஒருவன் பெயரை மற்றவனுக்கு மாற்றிச் சூட்டிய பின், பழைய உரைகளையும் புதிய விவிலியத்தையும் அருகருகே வைத்து வாசிப்பவர் தடுமாறுவது இயல்பு.

நூலும் நம்பிக்கையும்

யோபு நூலின் ஏழாம் அதிகாரத்தில் துன்புற்றவர் தம் நாள்களை நெசவாளியின் நாடாவோடு ஒப்பிட்டு, அவை நம்பிக்கையின்றி முடிவதாகப் புலம்புகிறார். எபிரேயத்தில் 'திக்வா' என்பது நம்பிக்கைக்கும் பெயர்; இழைக்கும் பெயர். நாடா ஓடிக்கொண்டிருக்கையில் இழை தீர்ந்துபோகிறது என்பதும் அங்கு ஒலிக்கிறது. மொழிபெயர்ப்பில் இச்சிலேடை மறைந்தது; தவிர்க்க வழியில்லை. தமிழில் நூல் என்பது இழைக்கும் ஏட்டிற்கும் பொது. பஞ்சையும் இழையையும் கொண்டு ஏட்டின் ஆக்கத்தை விளக்குகிறது நன்னூல். ஊசிகளால் பின்னும் பனியன் எந்திரத்தில் நாடா கிடையாது. ஆகவே யோபுவின் உவமை திருப்பூர் நகருக்குள் இருப்பவரைக் காட்டிலும் பல்லடம், சோமனூர்ப் பக்கத்து நாடாத் தறிக்காரருக்கே உடனே புரியும். ஊடைநூல் தீர்ந்த பின்னும் நாடா வெறுமனே ஓடினால் துணியில் என்ன நேரும் என்பதை அவர்கள் அறிவர். யோசுவா நூலில் இராகாப் தன் சன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றுக்கும் எபிரேயத்தில் 'திக்வா' என்றே பெயர். தமிழ் விவிலியங்களில் அது கயிறாக மட்டுமே நிற்கிறது.