ஊர் குலுங்கிய பிறகு திருத்தப்பட்ட வரைபடம்

நம் தூத்துக்குடி மாவட்டம் நிலநடுக்க வரைபடத்தில் 2-ஆம் மண்டலம். நாட்டிலேயே ஆபத்து குறைந்த மண்டலம் இதுதான். கீழ்த்தளத்தில் பில்லர்களுக்கு நடுவே இருக்கும் சுவர்களை எடுத்துவிட்டால் இன்னும் சில கார்கள் நிற்கும் என்ற யோசனை வந்தபோது, "இங்கே எங்கே சார் பூகம்பம்?" என்று சிலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கியது வெள்ளைக்காரன், பூகம்பம் அல்ல. இன்று நாம் பார்ப்பது 1974-இல் அரசு கட்டியது.

ஆனால் அந்த வரைபடத்தின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1931-இல் பலுசிஸ்தானத்தில் மாச் என்ற ஊர் குலுங்கியது. ரயில்வே பொறியாளர் எஸ்.எல்.குமார், பழைய தண்டவாளங்களைச் செங்கல் சுவருக்குள் சட்டமாக வைத்து ஊழியர் குடியிருப்புகளை வடிவமைத்தார். 1935 மே 31-இல் குவெட்டா நகரமே நொறுங்கி முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அந்த வீடுகள் நின்றன. 

நாடு முழுவதற்குமான விதி, ஐ.எஸ். 1893, வர 1962 ஆகிவிட்டது. அதில் '0' மண்டலம் என்றே ஒன்று இருந்தது. 1967 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் கொய்னா குலுங்கியது. 1970 திருத்தத்தில் பூஜ்ஜியம் காணாமல் போனது. பிறகு மிகப் பாதுகாப்பானது 1-ஆம் மண்டலம் என்றார்கள். அதில் இருந்த கில்லாரியில் 1993 செப்டம்பர் 30 விடியுமுன் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். 2002-இல் 1-ஆம் மண்டலமும் நீக்கப்பட்டது. சென்னை 2-இலிருந்து 3-க்கு ஏறியது. ஒவ்வொரு முறையும் சாவுக்குப் பிறகுதான் பேரேட்டைத் திருத்தியிருக்கிறார்கள்.

நமக்கு நேரடிப் பாடம் 2001 ஜனவரி 26, பூஜ். மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால், 3-ஆம் மண்டலமான அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, கீழே சுவரில்லாமல் பில்லர் மட்டும் நிறுத்தி கார் விடுகிற கட்டடங்கள். மேல்தளங்கள் சுவர்களால் விறைப்பாக ஒரே பெட்டிபோல் ஆடும். அசைவு முழுவதையும் கீழ்த்தள பில்லர்தான் வாங்க வேண்டும். அதனால்தான் 2002 விதி, அப்படிப்பட்ட தளத்தின் தூணையும் உத்தரத்தையும் கணக்கில் வரும் பூகம்ப விசையைப்போல் இரண்டரை மடங்குக்கு வடிவமைக்கச் சொன்னது.

இன்னொன்று பில்லரின் ரிங் கம்பி. அதன் நுனி 135 டிகிரி மடிந்து உள்ளே கான்கிரீட்டுக்குள் போக வேண்டும். வெறும் 90 டிகிரி என்றால் குலுக்கலில் பிரிந்துவிடும். 2016 திருத்தத்திலும் இது 3, 4, 5 மண்டலங்களுக்கே கட்டாயம். நம் மண்டலத்தில் கட்டுபவர் விருப்பம். வீட்டுக் கடன் கோப்பில் பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்த்திருக்கிறேன். கம்பி விவரப் படம் வைத்தவர் அபூர்வம்.

நம் பில்லர்களுக்குள் எந்த ரிங் இருக்கிறது என்பது பில்டரின் ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தில் இருக்கும். செயற்குழு அதை வாங்கி, தகுதியுள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரிடம் காட்டி எழுத்தில் கருத்துப் பெறட்டும். பார்க்கிங் தீர்மானத்தை அதுவரை ஒத்திவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.