நான்கு கால் நடையும் ஓவியர் கண்ணும்

வண்டலூர் என்றதும் இன்று நம் வீட்டுக் குழந்தைகளின் நினைவுக்கு வருவது விலங்குகளே. 1855இல் எட்வர்ட் பால்ஃபர் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய சிறு விலங்குக் காட்சிசாலை, பின்னர் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பூங்காவுக்கு இடம் மாறி, 1985இல் தாம்பரத்தை அடுத்த இக்காட்டுப் பகுதியில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக விரிந்தது. சுமார் 600 ஹெக்டேர் பரப்புள்ள அப்பூங்காவைச் சுற்றிவிட்டு வீடு திரும்பும் பெரியவர்களிடம் ஓர் எளிய கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். நான்கு கால் விலங்கு நிதானமாக நடக்கும்போது எந்தக் காலுக்குப் பின் எந்தக் காலை எடுத்து வைக்கிறது?

பெரும்பாலோர் திகைத்துப் போவர். நாள்தோறும் தெருவில் மாட்டையும் ஆட்டையும் பார்க்கிறோம்; ஆயினும் விடை நம் நாவில் இல்லை. இடப்புறப் பின்னங்கால், அதே புறத்து முன்னங்கால், பிறகு வலப்புறப் பின்னங்கால், அதன் முன்னங்கால் என்பதே அந்த வரிசை. யானை முதல் பூனை வரை பெரும்பாலான விலங்குகளின் நடை இதுதான்.

இந்தச் சிறு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு கலை வரலாற்றையே அளந்து பார்த்தார்கள் ஹங்கேரி நாட்டு ஆய்வாளர் சிலர். புடாபெஸ்ட் நகரின் காபோர் ஹோர்வாத்தும் அவருடைய தோழர்களும் குகை ஓவியங்கள் தொடங்கி நவீன காலச் சித்திரங்கள், சிலைகள் வரை 1000 படைப்புகளைத் திரட்டி, அவற்றில் நடக்கும் விலங்கின் கால்கள் உண்மையில் அமையக்கூடிய நிலையில்தான் உள்ளனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தனர். 2012இல் வெளியான அவர்களது முடிவு நம் செருக்கைக் குட்டுவதாக அமைந்தது. கால்களை மனம்போன போக்கில் வரைந்தால்கூட நூற்றுக்கு 73 படங்களே பிழையாகும். 1887க்கு முற்பட்ட நவீன கால ஓவியர்களின் பிழையோ 83.5 விழுக்காடு! அதற்குப் பிந்தியவர்களின் பிழை 57.9. கல்லாயுதக் காலத்துக் குகை மனிதனின் பிழை 46.2 மட்டுமே.

கண்ணை மூடிக்கொண்டு வரைவதினும் மோசமாக வரைவது எப்படி இயலும்? அறியாமையால் மட்டும் அது நேராது. ஒருவர் வரைந்த தவற்றை மற்றவர் பார்த்துப் பழகி, அதுவே மரபாகி, கண்முன் நிற்கும் குதிரையை அந்த மரபு மறைத்துவிட்டது என்றே நாம் கருத வேண்டியிருக்கிறது.

1887 என்ற எல்லைக்கும் ஒரு கதை உண்டு. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழுகின்றனவா என்னும் வாதம் அமெரிக்கப் பணக்காரர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டை ஆட்டிப் படைத்தது. அவருக்காக மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் 1878இல் ஓட்டப் பாதையோரம் வரிசையாகக் காமிராக்களை நிறுத்திப் படம் பிடித்தார். நான்கு கால்களும் தரையை விட்டு எழத்தான் செய்தன. ஆனால் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் தீட்டிய புகழ்பெற்ற எப்சம் பந்தய ஓவியத்தில் உள்ளதுபோல் முன்னும் பின்னும் நீட்டிய நிலையில் அல்ல. வயிற்றின் கீழ் மடங்கிக் குவிந்த நிலையில்! 1887இல் 781 படத் தகடுகளாக மைபிரிட்ஜ் வெளியிட்ட பெருந்தொகுப்புக்குப் பின்னரே மேலை ஓவியர் தம் குதிரைகளைத் திருத்திக்கொள்ளலாயினர். காமிரா காட்டிக் கொடுத்த பின்பும் பாதிக்கு மேல் பிழை என்பதுதான் வேடிக்கை.

குகை மனிதனுக்குக் காமிரா ஏது? விலங்கு எங்கே கால் வைக்கும், எப்போது பாயும் என்று அறிவதே அவனுக்கு உணவு; அறியத் தவறினால் அவனே உணவு. அத்தகைய பார்வைக்குக் கூர்மை இல்லாதிருந்தால்தான் வியப்பு. அவனுடைய படங்களிலும் ஏறத்தாழப் பாதி பிழையே என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இருப்பினும் அந்தத் திறமையை நம்ப நவீன உலகம் மறுத்த வரலாறு உண்டு. ஸ்பெயின் நாட்டு அல்தமிரா குகையின் மேற்கூரையில் காட்டெருமைகள் தீட்டப்பட்டிருப்பதை 1879இல் முதலில் கண்டவள் ஒரு சிறுமி. அவற்றின் தொன்மையை அவள் தந்தை சாவுத்துவோலா உலகுக்கு எடுத்துரைத்தபோது, இத்துணை உயிர்ப்புள்ள ஓவியம் காட்டுமிராண்டியின் கைவேலையாகாது, அண்மைக்காலப் போலி என்று அறிஞர்கள் தள்ளினர். எதிர்த்தவர்களுள் முதன்மையானவரான கார்த்தையாக் தம் தவற்றை 1902இல் எழுத்தில் ஒப்புக்கொண்டார். அதற்குள் சாவுத்துவோலா மறைந்துவிட்டார்.

நம் பகுதிக்கும் இத்தொன்மையில் பங்கு உண்டு. வண்டலூருக்கு வடக்கே, தாம்பரத்தைத் தாண்டியதும் உள்ள பல்லாவரத்தில்தான் 1863 மே 30ஆம் நாள் இராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கால மனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆராய்ச்சி அங்கிருந்தே தொடங்குகிறது. அக்கல்லைச் செதுக்கியவர்களின் சித்திரம் எதுவும் நமக்குக் கிட்டவில்லை. அவர்களுக்கு மிகப் பிந்திய பாறை ஓவியங்களை விழுப்புரம் பக்கத்துக் கீழ்வாலையிலும் கிருஷ்ணகிரிப் பக்கத்து மல்லப்பாடியிலும் காணலாம். அவை கோட்டுருவங்களே, உயிர்ச்சித்திரங்கள் அல்ல.

உயிர்ச்சித்திரம் வேண்டுவோர் வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் சாலை வழியே கிழக்கே சென்று மாமல்லபுரத்தை அடைய வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் கருங்கல் பாறையில் செதுக்கிய அந்தப் பெரும் புடைப்புச் சிற்பத்தில் யானைகளைப் பாருங்கள். முன்னே களிறு, பின்னே பிடி, கால்களுக்கிடையே பாதுகாப்பாகக் குட்டிகள். தன் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மானைச் செதுக்கியவன் அதை எந்தச் சிற்ப நூலிலிருந்தும் எடுத்திருக்க மாட்டான். காட்டோரத்தில் ஒரு மானைக் கண்டு நின்றிருப்பான். அருகே தனியாக அமர்ந்துள்ள குரங்குக் குடும்பத்தில் ஒன்று மற்றொன்றுக்குப் பேன் பார்க்கிறது. பக்கத்து மண்டபத்திலோ பால் கறக்கும் இடையனைப் பொருட்படுத்தாமல் பசு தன் கன்றை நக்குகிறது. இவற்றுக்கு விளக்கவுரை தேவையில்லை. பசு வளர்த்த எந்தத் தாய்மாரும் கண்டதும் சொல்லிவிடுவர்.

ஆனால் அதே ஊர்த் தூண்களின் அடியில் அமர்ந்திருக்கும் சிங்கங்கள்? சுருள் சுருளான பிடரி, உருண்ட விழி. அழகுதான், ஆனால் அது சிங்கம் அன்று, சிங்கத்தைப் பற்றிய ஒரு கருத்து. யானையும் மானும் தமிழகத்துக் காடுகளில் உலவின, சிங்கம் உலவவில்லை. ஒரே காலம், ஒரே பாறை. கண்டதற்கும் கேட்டதற்கும் உள்ள வேறுபாடு மட்டுமே.

ஐரோப்பாவிலும் இதுவே நிகழ்ந்தது. குஜராத் சுல்தான் இரண்டாம் முஸஃப்பர் ஷா போர்ச்சுகீசியருக்கு அளித்த காண்டாமிருகம் ஒன்று 1515இல் லிஸ்பன் துறைமுகத்தில் இறங்கியது. ஜெர்மானிய ஓவிய மேதை டூரர் அதை நேரில் காணாமலே, வந்த வருணனையையும் ஒரு கோட்டுப்படத்தையும் நம்பி வரைந்தார். இரும்புக் கவசம் பூட்டினாற்போன்ற உடல், தோள்மீது இல்லாத ஒரு கொம்பு! இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பியர் அப்படத்தையே பார்த்துப் படியெடுத்தனர்.

இவ்விடத்தில் மாமன்னர் ஜஹாங்கீரின் அவை நினைவுக்கு வராமல் போகாது. உயிருள்ளவற்றை உருவமாக வரைவது பற்றி நம் மார்க்க அறிஞரிடையே நிலவும் கருத்துகளை ஈண்டு நாம் ஆராயப் புகவில்லை. வரலாற்றை மட்டும் சொல்கிறோம். 1612இல் கோவாவிலிருந்து முகர்ரப் கான் கொண்டுவந்த அரிய உயிர்களுள் வான்கோழியும் ஒன்று. அதன் தோற்றத்தை எழுத்தில் விவரித்த ஜஹாங்கீர், அது போதாதென்று ஓவியமாகவும் தீட்டச் செய்தார். 1621இல் வரிக்குதிரை வந்தபோது யாரோ சாயம் பூசி ஏமாற்றுகிறார்கள் என்று அவையோர் ஐயுற, பரிசோதித்த பின்னரே அது இயற்கை நிறம் எனத் தெளிந்தார்கள். அதை வரைந்தவர் உஸ்தாத் மன்சூர். ‘நாதிருல் அஸ்ர்’, அதாவது தம் காலத்தின் அரியர் எனப் பட்டம் பெற்றவர். அந்த வரிக்குதிரை இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கோடு பிசகாமல் நிற்கிறது. மொரிஷியஸ் தீவில் வாழ்ந்து பதினேழாம் நூற்றாண்டோடு பூண்டற்றுப்போன டோடோப் பறவையின் வண்ண ஓவியம் ஒன்று ரஷ்யாவில் உள்ளது. மன்சூரின் கைவண்ணம் எனக் கருதப்படும் அதனை, அப்பறவையின் நிறத்தை அறிய உயிரியலார் சான்றாகக் கொள்கின்றனர். பறவை இல்லை; பார்த்தவரின் நேர்மை மட்டும் எஞ்சியிருக்கிறது.

அப்படியானால் இக்கால ஓவியருக்கு வரையத் தெரியாதா? அவ்வாறு சொல்வது அநீதி. 1966இல் கிழக்குக் கடற்கரையோரம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே. சி. எஸ். பணிக்கர் மனித உருவைத் தேர்ச்சியுடன் தீட்டியவர். பின்னர் எழுத்துகளையும் குறியீடுகளையும் நாடிச் சென்றது அவரே தேர்ந்த வழி. உள்ளதை உள்ளவாறு காட்டும் வேலையைக் காமிரா எடுத்துக்கொண்டபின் ஓவியன் வேறு வேலை தேடியதில் குற்றமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. உள்ளதைக் காட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் இடங்களில்! அதே ஹங்கேரி ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட கணக்குப்படி, விலங்கு உடற்கூறு நூல்களின் நடைப்படங்களில் நூற்றுக்கு 60க்கு மேல் பிழை. பொம்மைகளில் பாதி பிழை. பாடநூலைப் பார்த்துப் பாடநூல் வரையப்படுகிறது. நம் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டியில் பரிசு வாங்கித் தரும் யானையும், பெரும்பாலும் வேறொரு படத்தைப் பார்த்துப் போட்ட யானைதான்; இப்போது அந்தப் படம் கைப்பேசியில் கிடைக்கிறது என்பதே வேறுபாடு.

மல்லைச் சிற்பிக்கும் மன்சூருக்கும் வாய்த்தது போன்ற வாய்ப்பு சென்னை, செங்கற்பட்டுக் குழந்தைகளுக்கு வண்டலூரில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் போகலாம். ஒரு பென்சிலும் நான்கு தாளும் எடுத்துச் செல்லுங்கள். ஓடும் விலங்கைவிட நடக்கும் விலங்கின் முன் நிற்பதே தொடக்கத்துக்கு எளிது. பின்னங்காலிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.