சிஸ்

லத்தீன் மொழியில் ‘இப்புறத்தே’ எனப் பொருள்படுவதும், தன்னைத் தொடரும் பெயரை இரண்டாம் வேற்றுமையில் ஏற்பதுமாகிய சொல். பண்டை உச்சரிப்பு ‘கிஸ்’. இதன் எதிர்ச்சொல் ‘டிரான்ஸ்’. எது இப்புறம் என்பது பேசுவோன் நிற்குமிடத்தைப் பொறுத்ததேயாயினும், தம் தலைநகரையே மத்தியஸ்தானமாகக் கொண்ட ரோமானியர், ஆல்ப்ஸ் பர்வதத்திற்குத் தெற்கே, இன்றைய வட இத்தாலியில் அமைந்த காலியா நாட்டுப் பகுதியை ‘சிஸால்பினா’ என்றும், மலைக்கு அப்பாலுள்ளதை ‘டிரான்ஸால்பினா’ என்றும் வழங்கினர். 1797-இல் மிலானைத் தலைநகராக்கி நெப்போலியன் ஸ்தாபித்த குடியரசு, பாரிஸிலிருந்து நோக்குவார்க்கு மலைக்கு அப்பாலே கிடந்தபோதிலும், ‘சிஸால்பைன்’ என்றே நாமகரணம் பெற்றது விநோதந்தான். ரசாயன சாஸ்திரத்திலோ, இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில் ஒத்த தொகுதிகளைக் கொண்ட மலீயிக் அமிலம் சிஸ் வடிவினது; அவை எதிரெதிரே அமைந்த ஃபியூமாரிக் அமிலம் டிரான்ஸ் வடிவினது.