அகராதிக்குப் பின்னால் ஒரு வீடு

தமிழ் படிக்கிற எங்களுக்கு வின்ஸ்லோ என்றால் ஒரு அகராதி. 1862இல் சென்னையில் அச்சான, 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட பெரிய புத்தகம். மிறன் வின்ஸ்லோ ஒரு அமெரிக்க மிஷனரி, யாழ்ப்பாணத்தில் இருந்தவர், பிறகு சென்னைக்குப் போனவர். சோதனைக்கு இவ்வளவும் காணும்.

போன தவணை 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணக் கல்வி பற்றி ஒரு ஒப்படை எழுத வேண்டி வந்தது. அதற்காக வாசிக்கப் போன இடத்தில்தான் அந்த அகராதிக்குப் பின்னால் உடுவிலில் ஒரு வீடு இருந்தது தெரிந்தது. அந்த வீட்டில் ஒரு தாய் தன் பத்து வயதுப் பிள்ளையைக் கப்பலேற்றப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தா. ஒப்படையில் அவவுக்கு இரண்டு வரிதான் கொடுக்க முடிந்தது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் முதல் இடங்கள். 1819 ஜூனில் பொஸ்டனிலிருந்து 'இந்தஸ்' என்ற கப்பலில் இன்னும் நான்கு தம்பதிகள் புறப்பட்டார்கள்: வின்ஸ்லோ, ஸ்போல்டிங், ஸ்கடர், வூட்வார்ட். எல்லோருமே இளம் ஆட்கள். கனெக்டிகட் மாநிலத்து நோர்விச் ஊரில் பிறந்த ஹரியட் வின்ஸ்லோவுக்கு அப்போது 23 வயது, கலியாணமாகி ஆறு மாதமும் ஆகவில்லை. ஸ்கடர் தம்பதிக்கு ஒரு கைக்குழந்தை இருந்தது. யாழ்ப்பாணத்தைக் காணாமலேயே, வழியில் கல்கத்தாவில், அந்தக் குழந்தை இறந்துவிட்டது.

வந்து கொஞ்ச நாளிலேயே இன்னொரு சிக்கல். இனிமேல் புதிதாக அமெரிக்க மிஷனரிகள் இலங்கைக்கு வரக்கூடாது என்று பிரித்தானிய அரசாங்கம் கதவைச் சாத்தியது. 1820இல் அச்சுவேலைக்கென்று வந்த ஜேம்ஸ் கரெட் என்பவரைத் திருப்பி அனுப்பினார்கள். 1833 வரைக்கும் அந்தத் தடை இருந்தது. பெரிய வரலாறுகளில் இது ஒரு நிர்வாகச் செய்தி. ஒரு குடும்பத்துக்குள் நின்று பார்த்தால் அதன் அர்த்தம் வேறு: இங்கிருந்து ஒருவர் ஊருக்குப் போனால், அந்த இடத்துக்கு வர ஆளில்லை. அதனால் போவதென்றால் பிள்ளை மட்டும்தான் போகலாம். தாய் தகப்பன் இங்கே நிற்கவேண்டும்.

ஹரியட்டின் மகன் சார்ள்ஸ் 1821 ஜனவரியில் உடுவிலில் பிறந்தான். அவனுக்கு மூன்று வயதான 1824இல்தான் ஹரியட் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய உடுவில் மகளிர் கல்லூரியின் தொடக்கம் அது.

பெண் படிப்பதே ஒரு கதையாக இருந்த காலம். அதிலும் வீட்டை விட்டு மிஷன் வளவுக்குள் தங்குவதென்றால்? வேறு ஆட்கள் சமைத்த சோற்றைத் தின்பதா என்பது சாதியின் கேள்வி. மிஷன் விடுதிகளுக்கு வந்த வெள்ளாளப் பையன்கள் முதலில் வளவுக்குள் சாப்பிடவே மறுத்தார்கள். பிள்ளையை விட்டால் நாளைக்கு யார் கட்டுவான் என்பது தாய்மாரின் கேள்வி. அதனால்தான் படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது. இன்னொன்றும் நடந்தது. விடுதிப் பிள்ளைகளின் செலவை அமெரிக்காவிலிருந்து யாராவது ஏற்றால், அவர் சொல்லும் பெயர் பிள்ளைக்கு வந்துவிடும். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்று நாங்கள் இன்றைக்கும் சொல்கிற பெயர்கள் அப்படி வந்தவைதான். அம்மா வைத்த பெயர் பின்னால் போய், பார்த்தறியாத ஒருவரின் பெயர் முன்னால் வந்தது.

ஆக, ஹரியட் தமிழ்த் தாய்மாரிடம் கேட்டது இதுதான்: "உன் பிள்ளையை என்னிடம் விடு. உன் வீட்டுப் பழக்கத்திலிருந்து அவள் விலகி இருந்தால்தான் நல்லவளாக வளருவாள்."

அதே யோசனைதான் திரும்பி வந்து அவருடைய வீட்டுக் கதவையும் தட்டியது. மிஷன் பிள்ளைகள் எங்கட வெயிலில் வளர்ந்தவர்கள். வேலைக்காரரோடும் அயலோடும் இருந்து தமிழைப் பிடித்துக்கொண்டார்கள். தாய் தகப்பனுக்கு அது பயம். தமிழோடு சேர்ந்து 'புறச்சமயப்' பழக்கமும் ஒட்டிவிடும் என்ற பயம். காய்ச்சல், வாந்திபேதி பற்றிய பயம் வேறு. ஊரான் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டியவர்கள், தங்கள் பிள்ளைகளை அதே பள்ளிக்கூடத்தில் விட விரும்பவில்லை. வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய செமினரி அந்தக் காலத்தில் ஆசியாவிலேயே பெயர்பெற்ற கல்விக்கூடம். ஆனால் அது தமிழ்ப் பையன்களுக்கு. தங்கள் பையன்களுக்கு அமெரிக்கா.

எனவே பெட்டி கட்டினார்கள். அமெரிக்காவுக்கு நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நாலைந்து மாதக் கப்பல் பயணம். கடிதமும் அதே கப்பலில்தான் போகும். இன்றைக்கு ஒரு கேள்வி எழுதினால் பதில் வர ஏறத்தாழ ஒரு வருடம். யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளைக்குக் குளிர் தெரியாது, பேரன் பேத்தியைத் தெரியாது. அந்த ஊரை அவனுக்கு அம்மா சொன்ன கதையாகத்தான் தெரியும். ஊருக்குத் திரும்பிப் போகிறாய் என்று பெரியவர்கள் அவனுக்குச் சொல்லியிருப்பார்கள். அவனுக்கு எது ஊர்?

சார்ள்ஸ் நியூயோர்க் போய்ச் சேர்ந்தான். சேர்ந்து அதிக காலம் இல்லை, 1832 மே மாதம் அங்கேயே இறந்துபோனான். வயது 11.

கடிதக் கணக்கை இப்போது திரும்பப் போட்டுப் பாருங்கள். மகன் இறந்த பிறகும் உடுவிலில் ஒரு தாய் மாதக்கணக்காக அவனுக்காகச் செபித்துக்கொண்டும், அவனுடைய கடிதத்துக்குக் காத்துக்கொண்டும் இருந்திருப்பா. பகலில் வேறு தாய்மாரின் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வேண்டும்.

1833 ஜனவரி 14இல் ஹரியட்டும் உடுவிலில் இறந்தார். வயது 36. மிறன் வின்ஸ்லோ மற்றப் பிள்ளைகளை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போய் அங்கே விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். 1835இல் மனைவியின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் தொகுத்து ஒரு வாழ்க்கை வரலாறு வெளியிட்டார். ஹரியட்டை நாங்கள் இன்றைக்கு வாசிப்பது பெரும்பாலும் அந்தப் புத்தகம் வழியாகத்தான், கணவர் தெரிந்தெடுத்த பகுதிகளாக. மிஷனுக்குப் பணம் கொடுக்கும் சபைகள் வாசிக்கப்போகிற புத்தகம் அது. அழுகை வரும் இடத்திலெல்லாம் உடனே ஆறுதலும் வந்துவிடும். அதை மனதில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

1836இல் வின்ஸ்லோவும் டொக்டர் ஸ்கடரும் தமிழ் அச்சுவேலையைப் பெரிதாக நடத்துவதற்குச் சென்னைக்கு இடம்பெயர்ந்தார்கள். அகராதி வந்தது அதன் பிறகு. எங்கட பாடப் புத்தகத்தில் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அனுப்பப்பட்ட பிள்ளைகளில் சிலர் திரும்பியும் வந்தார்கள். 1822இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறுவயதில் அனுப்பப்பட்ட ஹென்றி மார்ட்டின் ஸ்கடர், 1844இல் மிஷனரியாகவே தென்னிந்தியா வந்தார். ஹரியட்டின் ஒரு மகள் வளர்ந்து ஒரு மிஷனரியை மணந்து சென்னைக்கு வந்தார். அந்த மகளின் பேரன்தான் 1950களில் அமெரிக்க வெளியுறவுச் செயலாளராக இருந்த ஜோன் பொஸ்டர் டலஸ். அது தனிக்கதை.

இதையெல்லாம் எழுதுவது மிஷனரிகளுக்காக உருகுவதற்கு இல்லை. அவர்கள் எங்களைப் 'புறச்சமயத்தார்' என்று எழுதியதும், சாதியோடு செய்துகொண்ட சமரசங்களும், மாற்றிய பெயர்களும் கணக்கில் இருக்கவேண்டும். பெண் கல்வி என்ற நன்மையும் அதே கணக்கில் இருக்கவேண்டும். என்னுடைய குறை, இரண்டு பக்கமும் சண்டை பிடிக்கும்போது தாய்மார் காணாமல் போவதுதான். மகளை உடுவில் விடுதியில் விட்டுவிட்டு நடந்து வீடு போன தமிழ்த் தாயும், மகனைக் கப்பலேற்றிவிட்டுத் திரும்பி உடுவிலுக்கு வந்த ஹரியட்டும் ஒரே வாசலில் நின்றவர்கள். பிள்ளையின் நல்லதுக்குப் பிள்ளையைப் பிரிய வேண்டும் என்று இருவருக்கும் ஒரே ஆட்கள்தான் சொன்னார்கள். ஹரியட் தான் நம்பியதைச் சொல்லியும் வந்தார், அதற்கு விலையும் கொடுத்தார்.

என்னுடைய அம்மம்மாவும் ஒரு மிஷன் விடுதியில் படித்தவ. இந்தக் கதையை அவவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, கனடாவில் இருக்கிற எங்கள் மாமாவை அவர் 17 வயதில் ஏஜென்சிக்காரனோடு அனுப்பிய இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினா.