வெக்டர் வரைகலையில் பழ ஓவியம்

கணினியில் வளைகோடுகளையும் நிறச்சாய்வையும் மட்டும் கொண்டு, ஒளிப்படம் என்று நம்பும்படி ஒரு பழத்தை வரைவது வெக்டர் வரைகலையின் பழைய பயிற்சிகளுள் ஒன்று. ஒளிப்படக் கோப்பில் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் தனித்தனியே நிறம் பதிவாகியிருக்கும். வெக்டர் கோப்பில் புள்ளிகளே கிடையாது. முனைகள், அவற்றை இணைக்கும் வளைவுகள், உள்ளே நிரம்பும் நிறம் ஆகியவற்றின் கணக்குதான் இருக்கும். பெரம்பலூர்–ஆத்தூர் சாலையில் இருக்கும் வேப்பந்தட்டையில் ஒரு பழச்சாறுக் கடைக்கு மாம்பழம் வரைந்தால், அதே கோப்பை விசிட்டிங் கார்டில் நகக்கண் அளவிலும் முகப்பு ஃப்ளெக்ஸில் ஆள் உயரத்திலும் அச்சிடலாம். எந்த அளவிலும் ஓரம் பிசிறடிக்காது.

ஒரு நிறம் இன்னொன்றாகப் படிப்படியாக மாறுவதை டிடிபி கடைகளில் கிரேடியன்ட் என்றே சொல்கிறார்கள். கோரல்டிராவில் அதற்குப் பெயர் ஃபவுண்டன் ஃபில். எஃப்11 விசையை அழுத்தினால் அதற்கான பெட்டி திறக்கும். நேர்கோட்டில் நகர்வது லீனியர், நடுவிலிருந்து வட்டமாக விரிவது ரேடியல். மூன்றாவது வகையான மெஷ், பழத்தின் மேல் வலை விரித்து ஒவ்வொரு முடிச்சிலும் தனி நிறம் வைக்க விடுகிறது. மெய்போன்ற பழங்கள் பெரும்பாலும் மெஷ்ஷில்தான் பிறக்கின்றன. ஆனாலும் மெஷ் தெரிந்தவர்கள் எல்லோரும் பழம் வரைந்துவிடுவதில்லை. வெளிச்சம் எங்கே விழுகிறது, எங்கே தேய்கிறது, எங்கிருந்து திரும்பி வருகிறது என்பதைப் பார்க்கப் பழகாதவர் கையில் எந்தக் கருவியும் பிளாஸ்டிக் பந்தைத்தான் தரும்.

பந்து வருவதற்குக் காரணம் எளிது. புதிதாகக் கற்பவர் ஒரு வட்டம் போடுவார். ரேடியல் கிரேடியன்ட் கொடுத்து நடுவில் வெள்ளை, ஓரத்தில் கறுப்பு, இடையில் சிவப்பு என்று வைப்பார். உண்மையான உருண்டையில் மிக இருண்ட பகுதி ஓரத்தில் அமைவதில்லை. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வந்தால், வெளிச்சம் பளிச்சிடும் ஒளிர்புள்ளிக்கு அடுத்து பழத்தின் சொந்த நிறம் தெரியும். அதைத் தாண்டி ஒளி எட்டாத இடத்தில் ஒரு இருண்ட பட்டை வளைந்து போகும். அதற்கும் அப்பால், கடைசி ஓரத்தில், மேசையிலிருந்தோ பக்கத்துப் பழத்திலிருந்தோ தெறித்து வரும் எதிரொளி மெல்லிய வெளுப்பாகப் படியும். இந்த எதிரொளிதான் பழத்தைத் தாளிலிருந்து எழுப்பி நிறுத்துகிறது. ரேடியலிலேயே இதைச் செய்யலாம்: மையத்தை ஒரு பக்கமாக நகர்த்தி, கடைசி நிறப்புள்ளிக்குச் சற்று முன்பாக இருண்ட புள்ளியை வைத்தால் போதும்.

நிழலுக்குக் கறுப்பைக் கலப்பதும் பரவலான வழக்கம். மஞ்சளில் கறுப்பு கலந்தால் அழுக்குப் பச்சைதான் வரும். வாழைப்பழத்தின் நிழல்பக்கம் காவியும் பழுப்பும். தக்காளியின் நிழல்பக்கம் கத்தரி நிறத்தை நெருங்கும் அடர்சிவப்பு. பழுக்கத் தொடங்கிய மாங்காயில் இன்னொரு பொறி இருக்கிறது. சிவப்பிலிருந்து பச்சைக்கு நேராக கிரேடியன்ட் கொடுத்தால், கணினி இரண்டுக்கும் நடுவே கணக்குப் போட்டுச் சேற்றுப் பழுப்பைக் கொண்டுவந்து வைக்கும். பழுக்கும் காயிலோ பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே பெரும்பாலும் மஞ்சள் தெரியும். இடையில் ஒரு மஞ்சள் புள்ளியைச் செருகினால் சேறு மறைந்துவிடும்.

மெஷ் கருவியின் வேர் கார்த் தொழிலில் இருக்கிறது. கார் உடலின் வளைவுகளைக் கணக்கில் எழுத வழி தேடியவர்களுள் பிரான்ஸின் சிட்ரோயன் நிறுவனத்தில் இருந்த பால் தெ காஸ்டல்ஜோவும், ரெனோ நிறுவனத்தின் பியேர் பெசியேவும் முக்கியமானவர்கள். இன்று எல்லா வரைகலை மென்பொருளிலும் பேனா கருவி இழுக்கும் வளைவு பெசியேயின் பெயரையே தாங்கி நிற்கிறது. நான்கு வளைவுகளால் சூழப்பட்ட பரப்பை எப்படி நிரப்புவது என்று அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்த ஸ்டீவன் கூன்ஸ் 1967இல் வெளியிட்ட அறிக்கையில் விளக்கினார். முப்பது ஆண்டு கழித்து, 1997இல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் 3 அச்சுமொழியில் கூன்ஸின் பரப்பு நிறம் நிரப்பும் முறையாக இடம்பெற்றது. மறுஆண்டு அடோபி இல்லஸ்ட்ரேட்டரின் எட்டாம் பதிப்பு கிரேடியன்ட் மெஷ்ஷுடன் வந்தது. 1987இல் பிறந்த அந்த மென்பொருளுக்குச் சாதாரண கிரேடியன்ட் கருவியே 1993இல் ஐந்தாம் பதிப்பில்தான் கிடைத்திருந்தது. மெஷ்ஷால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஜப்பானிய ஓவியர் யுகியோ மியமோட்டோவின் படங்களைக் காட்டுவார்கள். கண்ணாடியும் உலோகமும் அவற்றில் ஒளிப்படத்தைத் தோற்கடிக்கும் துல்லியத்தோடு நிற்கின்றன.

மெஷ்ஷில் அடிக்கடி நடக்கும் தவறு, தொடக்கத்திலேயே நெருக்கமான வலை போட்டுவிடுவது. இருபது கோடு குறுக்கே, இருபது கோடு நெடுக்கே என்று போட்டால் நானூறு முடிச்சுகளுக்கு நிறம் வைக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் தோலில் வடு போலத் தெரியும். தேர்ந்தவர்கள் ஒன்றிரண்டு கோட்டில் தொடங்கி, நிறம் சட்டென மாறும் இடத்தில் மட்டும் கோடு சேர்ப்பார்கள். கோடுகள் பழத்தின் உடல்வளைவை ஒட்டி ஓடவும் வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் எழுத்துகளையும், துளை கொண்ட கூட்டு வடிவங்களையும் மெஷ்ஷாக மாற்ற முடியாது என்பதால் காம்பு, இலை, பழம் எல்லாம் தனித்தனி வடிவங்களாகவே வரையப்படுகின்றன.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் இந்தப் பயிற்சிக்கு முந்திரிப் பழத்தைவிடப் பொருத்தமான மாதிரி கிடைப்பது அரிது. வேப்பந்தட்டைப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் என்றால், கிழக்கே செந்துறை, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பகுதிகளில் முந்திரித் தோப்புகள். பிரேசிலில் இருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த மரம் இது. தாவரவியல்படி பார்த்தால் தொங்கும் சதைப்பகுதி கனியே இல்லை, பருத்த காம்பு. அடியில் ஒட்டியிருக்கும் கொட்டைதான் கனி. ஓவியருக்கு இந்த அமைப்பு ஒரே படத்தில் இரண்டு பாடம் வைக்கிறது. சதைப்பகுதியின் தோல் மெல்லியது, மெழுகுப் பளபளப்பு உள்ளது. அதன்மேல் ஒளிர்புள்ளி சிறியதாக, ஓரம் கூர்மையாக, ஏறக்குறைய வெள்ளையாக விழும். கொட்டையின் ஓடு முற்றும்போது சாம்பல் கலந்த பழுப்பு, பளபளப்பு குறைவு. அங்கே வெளிச்சம் பரந்து மங்கிப் படியும், வெள்ளைப்புள்ளி வைத்தால் கொட்டை கண்ணாடியாகிவிடும்.

இரண்டும் சேரும் இடத்தில்தான் படம் தேறுகிறது அல்லது தோற்கிறது. கொட்டை ஒட்டியிருக்கும் மடிப்புக்குள் வெளிச்சம் நுழைவதில்லை. அங்கே ஒரு குறுகிய இருண்ட வடிவம் வரைந்து, கீழுள்ள நிறத்தை இருளச் செய்யும் மல்டிப்ளை முறையில் வைத்து, ஓரத்தை மட்டும் மங்கச் செய்ய வேண்டும். பழம் சிவப்பு என்றால் அந்தச் சிவப்பு கொட்டையின் மேல்புறத்தில் லேசாகத் தெறிக்கும். மஞ்சள் பழமென்றால் மஞ்சள். இந்தத் தெறிப்பை விட்டுவிட்டால் இரண்டு வேறு படங்களை ஒட்டியதுபோல இருக்கும். பறித்த பழம் வெகுவிரைவில் கன்றி நீர்விடுவதால், மேசையில் வைத்து நிதானமாகப் பார்த்து வரைய அது காத்திருக்காது. பறித்த கையோடு ஒளிப்படம் எடுத்து, அதைப் பூட்டிய அடுக்கில் கீழே வைத்து மேலே வரைவதே வழி.

மற்றப் பழங்களுக்கு மற்ற வழிகள். வாழைப்பழம் உருளை அல்ல, பட்டைகள் கொண்டது. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு லீனியர் போதும், மெஷ் வீண் வேலை. திராட்சைக்குள் ஒளி ஊடுருவும் என்பதால் ஒளிர்புள்ளிக்கு நேர் எதிர்ப்புறம் இருளாமல் ஒளிரும். சீத்தாப்பழத்தின் ஒவ்வொரு கண்ணும் தனித்தனி மேடு. ஒரு கண்ணை நன்றாக வரைந்து நகலெடுத்து, ஓரத்துக்குப் போகப் போக ஒடுக்கி இருளச் செய்தால் பழம் முழுவதும் கிடைத்துவிடும்.

கணினிக்கு முந்தைய மரபு இல்லாமல், பழத்தை இப்படி உற்றுப் பார்த்து வரையும் கண் வந்துவிடவில்லை. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளருக்காக ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்கள் செடிகளையும் கனிகளையும் வரைந்தார்கள். 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியான அவருடைய ஆறு தொகுதி நூலில் 2101 படத்தட்டுகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை கோட்டோவியங்கள், கல்லச்சில் ஏற்றியவை. கோவிந்துவைப் பாராட்டும் விதமாக ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு கோவிந்தூயா என்று வைட் பெயர் சூட்டினார். அடுத்த நூற்றாண்டில் கோவில்பட்டியில் சி. கொண்டையா ராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர் படங்கள் தமிழ் வீடுகளின் சுவர்களை நிறைத்தன. சாமி படங்களின் கன்னத்திலும் தோளிலும் நிறம் மெல்லத் தேய்ந்து உருண்டு வரும் அழகை அந்தப் படங்களில் பார்க்கலாம். இன்றைய மெஷ் முடிச்சு அதையே எண்களால் செய்கிறது.

அச்சுக்குப் போகும்போது வேறு சிக்கல்கள் எழுகின்றன. பெரிய பரப்பில் நிறம் மிகக் கொஞ்சமே மாறினால் கிரேடியன்ட் வழுவழுப்பாக வராமல் பட்டை பட்டையாகத் தெரியும். ஆஃப்செட் தகட்டில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. அங்குலத்துக்கு 2400 புள்ளி வைக்கும் கருவியில் 150 கோட்டுத் திரை எடுத்தால், 2400ஐ 150ஆல் வகுத்து வரும் 16ஐ அதனாலேயே பெருக்க 256 படிகள் கிடைக்கும். திரையை 200 ஆக்கினால் அது 144ஆகக் குறைந்துவிடும். கிரேடியன்ட் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு இரைச்சல் தூவினால் பட்டை உடைந்துவிடும். ஆரஞ்சுத் தோலின் நுண்குழிகளுக்காக எப்படியும் தூவ வேண்டியிருப்பதால் அங்கே ஒரே வேலையில் இரண்டு பலன். திரையில் கொளுத்தும் ஆரஞ்சும் இளம்பச்சையும் நான்கு மையில் மங்கும் என்பதால், அச்சுக்கான கோப்பைத் தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கே நிறத்தில் திறப்பது நல்லது. பத்தடி தூரத்தில் நின்று பார்க்கும் ஃப்ளெக்ஸுக்கு நுணுக்கத்தைவிட ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம்.

காசு கொடுத்து மென்பொருள் வாங்க இயலாத மாணவருக்கு இங்க்ஸ்கேப் உண்டு. சோடிபோடி என்ற திட்டத்திலிருந்து 2003இல் பிரிந்து வளர்ந்த இலவச மென்பொருள் இது. 2017இல் வந்த 0.92 பதிப்பில் மெஷ் சேர்ந்தது. அதில் ஒரு தடங்கல் இருக்கிறது. அதன் இயல்பான கோப்பு வகையான எஸ்விஜி, 2001இல் தரநிலையானபோது லீனியரையும் ரேடியலையும் மட்டுமே ஏற்றது. இரண்டாம் பதிப்பின் வரைவில் மெஷ் முதலில் இருந்து பிறகு நீக்கப்பட்டது. எனவே மெஷ் போட்டு வரைந்த முந்திரிப் பழத்தை அப்படியே இணையப் பக்கத்தில் ஏற்றினால் உலாவி அதைச் சரியாகக் காட்டும் என்று நம்ப முடியாது. பலரும் அதை பிஎன்ஜி படமாக மாற்றியே ஏற்றுகிறார்கள். இல்லஸ்ட்ரேட்டர் 2018 அக்டோபரில் ஃப்ரீஃபார்ம் கிரேடியன்ட்டைக் கொண்டுவந்தது. வலையே இல்லாமல் பழத்தின் மேல் விரும்பிய இடத்தில் நிறப்புள்ளியை வைத்தால் இடைவெளியை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். மாம்பழக் கன்னத்துச் சிவப்புக்கு அது நிமிட வேலை. முந்திரிக் கொட்டையின் மடிப்புக்கு இன்னும் மெஷ்தான் கைகொடுக்கிறது.